நடுவயதில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்: வாங்குமுன் ஒரு கணக்கு

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் மிளகும் சுக்கும் ஏற்றி இறக்கும் லாரிகளைக் கடந்துதான் எங்கள் கிளைக்கு வரவேண்டும். அவ்வாறு ஒருநாள் வந்த நறுமணப் பொருள் வணிகர் ஒருவர், மகளின் படிப்புக்கென வைத்திருந்த 15 லட்ச ரூபாய் வைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு கேட்டார். காரணம் வினவினேன். சற்றுத் தயங்கிக் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார்: மேற்கூரை திறக்கும், இரண்டே இருக்கைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார். ஐந்தாண்டு ஓடிய வண்டி. விலை 35 லட்சம். மீதி 20 லட்சத்துக்குக் கடன் வேண்டும் என்றார்.

"சார், இருபது வயதில் ஆசை இருந்தது, பணம் இல்லை. இப்போது நாற்பத்தெட்டு. இனியும் தள்ளிப்போட்டால் முழங்கால் ஒத்துழைக்காது."

அவரைவிட இரண்டு வயதே இளையவன் நான். அந்த ஏக்கத்தைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. நடிகர் அஜித்குமார் 53ஆம் வயதில் பந்தயக் களத்துக்குத் திரும்பினார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. அதற்குச் சில நாட்களுக்கு முன் பயிற்சியில் அவருடைய கார் தடுப்பில் மோதிச் சுழன்றபோதும் அவர் காயமின்றி வெளியே வந்தார். பந்தயத் தடமும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் அவரைக் காத்தன. நம் ஆசைக்கும் அத்தகைய தடுப்புகள் தேவை. வணிகருடன் அமர்ந்து அவற்றை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தோம்.

சாலையும் உடலும்

ஸ்போர்ட்ஸ் கார்கள் தரையை ஒட்டி அமைந்தவை. பலவற்றின் அடிப்பகுதிக்கும் சாலைக்கும் உள்ள இடைவெளி ஐந்து அங்குல அளவே. மட்டாஞ்சேரியின் வேகத்தடைகளையும் மழைக்காலத்தில் தேங்கும் நீரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதிகாலையில் வல்லார்பாடம் கன்டெய்னர் சாலையில் செல்வது இன்பமே. ஆனால் அன்றாடம் கடைக்குச் செல்ல இன்னொரு வாகனம் வேண்டியிருக்கும்.

வாங்குமுன் ஒரு மணி நேரமேனும் ஓட்டிப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, பத்து முறை ஏறி இறங்கிப் பாருங்கள். முதுகுவலி உள்ளவருக்குத் தாழ்வான இருக்கை எத்தகையது என்பது அப்போது விளங்கும். இத்தேர்வில் தேறாதவர்கள், நான்கு கதவுகளும் ஆற்றல் மிக்க எஞ்சினும் கொண்ட செடான் கார்களையும் பரிசீலிக்கலாம். வேகத்தைச் சுவைக்க விரும்புவோருக்குக் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பொதுச் சாலை அதற்கான இடமன்று.

விலைக்கு அப்பாலுள்ள விலை

புதிய கார் வாங்குவோர் காட்சியகம் சொல்லும் விலையோடு நின்றுவிடக் கூடாது. கேரளத்தில் விலையுயர்ந்த கார்களுக்கான ஒருமுறை சாலை வரி, விலையில் ஐந்தில் ஒரு பங்கையும் தாண்டுகிறது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீத வரி விற்பனையின்போதே வசூலிக்கப்படும். இதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்து கொள்ளலாம்.

நம் வணிகர் தேர்ந்த கார் வேறு மாநிலப் பதிவு எண் கொண்டது. அத்தகைய வாகனத்தைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருந்தால் கேரளத்தில் மறுபதிவு செய்ய வேண்டும். வாகனத்தின் வயதுக்கேற்ற வரியும் செலுத்த வேண்டும். அந்தத் தொகை விளம்பரத்தில் இல்லை. வரியைத் தவிர்க்கப் புதுச்சேரி முகவரியில் சொகுசுக் கார்களைப் பதிவு செய்தோர் 2017இல் வழக்குகளைச் சந்தித்ததைக் கேரளம் மறந்திருக்காது.

காப்பீட்டையும் கவனியுங்கள். காரின் காப்பீட்டு மதிப்பு ஐந்தாம் ஆண்டில் ஏறக்குறையப் பாதியாகிவிடும். உதிரிபாகங்களின் விலையோ குறைவதில்லை. 1998இல் அறிமுகமான சான் ஸ்டார்ம், பின்னர் வந்த டிசி அவந்தி போன்ற இந்திய ஸ்போர்ட்ஸ் கார்கள் இன்று உற்பத்தியில் இல்லை. அரிய கார் வாங்குவோர், பழுது பார்க்க எங்கே செல்வது என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

பழைய காரானால் பதிவுச் சான்றிதழில் முந்தைய கடன் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடன் தந்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் பெறாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

தவணை எனும் ஒத்திகை

பழைய காருக்கான கடனுக்கு வட்டி பொதுவாகக் கூடுதல். எடுத்துக்காட்டாக 11 சதவீதம் எனக் கொள்வோம். 20 லட்சத்துக்கு ஐந்தாண்டுத் தவணை மாதம் சுமார் 43,500 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 6.1 லட்சம். ஏழாண்டாக நீட்டினால் தவணை சுமார் 34,250 ஆகக் குறையும். வட்டியோ ஏறத்தாழ 8.8 லட்சமாக உயரும். ஏழாண்டு முடியும்போது வணிகருக்கு வயது 55; மகளின் கல்லூரிக் கட்டணமும் அந்த ஆண்டுகளிலேயே வரும்.

காகிதத்தை வெகுநேரம் பார்த்திருந்தார். "அப்படியானால் வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓர் ஒத்திகை மட்டும் பார்க்கச் சொன்னேன். மகளின் வைப்பைத் தொடாமல், கார் வாங்கிவிட்டதாகவே எண்ணி, அதே 43,500 ரூபாயை ஓராண்டுக்கு மாதந்தோறும் தொடர் வைப்பில் செலுத்துவது. வியாபாரம் மந்தமான மாதத்திலும் செலுத்த முடிந்தால் தவணையும் தாங்கும். முடியாவிட்டால் இழப்பு ஏதுமில்லை. ஆண்டு முடிவில் வட்டி நீங்கலாக 5.22 லட்சம் கையில் இருக்கும். கடனும் அந்த அளவுக்குக் குறையும்.

இது ஒன்பதாம் மாதம். இதுவரை 3,91,500 ரூபாய் சேர்ந்துள்ளது. ஒரு தவணையும் தவறவில்லை. முதலில் பார்த்த கார் விற்றுப்போய்விட்டது. அதுபற்றி அவருக்கு வருத்தம் உண்டு. ஆயினும் சென்ற வாரம் வந்தபோது, கேரளப் பதிவு எண் கொண்ட வேறொரு காரின் படத்தைக் காட்டினார். மகள் தேர்ந்தெடுத்த நிறமாம்.