மண்ணுக்குள் ரேடான்: ஒருநாள் அளவு போதாது

யுரேனியம் துளியும் கலக்காத மண் அரிது. யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியத்திலிருந்து ரேடான் பிறக்கிறது. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு, மண்துகள்களின் இடுக்கில் உள்ள காற்றோடு கலந்து மேலே வருகிறது. 3.8 நாளில் அதில் பாதி சிதைந்துவிடும்.

இதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. முக்கால் மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு ஒரு குழாயை இறக்குவார்கள். அதற்குள் எல்.ஆர்.115 என்னும் சிறு பிளாஸ்டிக் படலத்தைத் தொங்கவிட்டு, குழாயின் வாயை மூடிவிடுவார்கள். ரேடான் சிதையும்போது பாயும் ஆல்ஃபா துகள்கள் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத வடுக்களைப் பதிக்கும். சில வாரங்கள் கழித்துப் படலத்தைச் சூடான காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்தால் வடுக்கள் பெரிதாகும், நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம்.

இதற்கு மின்சாரம் வேண்டாம், செலவும் குறைவு. ஆனால் அத்தனை நாட்களுக்கும் சேர்த்து ஒரு சராசரிதான் கிடைக்கும். மணிக்கு மணி மாற்றம் தெரிய வேண்டுமானால், மண்ணின் காற்றை உறிஞ்சி அங்கேயே எண்ணும் மின்னணுக் கருவி வேண்டும்.

மணவாளக்குறிச்சி போன்ற இடங்களில் உள்ள, தோரியம் மிகுந்த கடற்கரை மணலில் இன்னொரு கவனமும் தேவை. அங்கே ரேடானின் உறவான தோரானும் வெளிவரும். அது 56 நொடிக்குள் பாதியாகிவிடும். படலத்துக்கு முன் மெல்லிய சவ்வு ஒன்றைக் கட்டினால், அதைக் கடப்பதற்குள் தோரான் பெரும்பாலும் அழிந்துவிடும். ரேடான் மட்டும் கணக்கில் வரும்.

ஏன் மாதக்கணக்கில் அளக்க வேண்டும்? மழை பெய்தால் மேல்மண்ணின் துளைகளை நீர் அடைத்துக்கொள்ளும். வாயு கீழேயே தேங்கும். காற்றழுத்தம் குறைந்தால் அடியிலிருக்கும் வாயு மேலே இழுபடும். ஆகவே ஒரே குழியில் கோடைக்கு ஓர் எண், மழைக்காலத்துக்கு வேறோர் எண். மழையளவு, அழுத்தம், வெப்பம் மூன்றையும் பக்கத்திலேயே குறித்துவைக்காவிட்டால் எண்ணுக்குப் பொருளில்லை.

நீண்ட நாள் அளவின் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு: ஜப்பானின் கோபே நகரை 1995 ஜனவரி 17 அன்று நிலநடுக்கம் தாக்கியது. அதற்கு ஒன்பது நாள் முன்பு, அருகிலுள்ள நிஷினோமியாவில் ஒரு கிணற்று நீரின் ரேடான் அளவு, அளக்கத் தொடங்கியபோது இருந்ததைப் போல் பத்து மடங்கைத் தாண்டியிருந்தது. முன்பிருந்தே அங்கு அளந்துவந்ததால்தான் அந்த ஏற்றம் கண்ணில் பட்டது. ஆனாலும், ரேடான் ஏறும்போதெல்லாம் நிலம் நடுங்குவதில்லை; இதைக்கொண்டு நாள் குறித்துச் சொல்லும் முறை இன்றுவரை இல்லை.

எனவே, மண்ணில் ரேடான் கூடிவிட்டது என்று யாராவது சொன்னால், எத்தனை மாத அளவோடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் கேளுங்கள்.