ஐம்பது போதுமானால் ஐந்நூறு எதற்கு?



பிழைப்பினிமித்தம் சொந்த ஊரை விட்டுக் கொல்கத்தாவின் கிடர்பூர் போன்ற துறைமுகப் பகுதிகளில் குடியேறியிருக்கும் குடும்பங்களுக்கு, எப்போதாவது ஒருமுறை அச்சகத்தின் வாசலில் போய் நிற்கவேண்டிய அவசியம் வருகிறது. மகளின் திருமணம், சபையின் ஆண்டு விழா, புதிதாகத் தொடங்கும் இட்லிக் கடை அல்லது தையற்கடை என்று காரணங்கள் பல. முன்பு அழைப்பிதழோடு முடிந்த காரியம் இது. இப்பொழுதோ வந்தவர்களின் கையில் நினைவாக ஏதாகிலும் கொடுத்தனுப்பும் வழக்கம் பெருகிவிட்டது. அவ்வாறு கொடுக்கப்படும் பொருள்களில் ஒன்று, பெயர் அச்சிட்ட கோஸ்டர். தேநீர்க் கோப்பையோ தண்ணீர் டம்ளரோ மேஜையில் ஈர வளையம் பதிக்காதபடி அடியில் வைக்கும் சிறிய அட்டையைத்தான் அப்படி அழைக்கிறோம். மண் குவளையில் தேநீர் அருந்தும் கொல்கத்தாவில் அதன் பயன் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இந்தப் பொருளின் பூர்வீகம் நம்மில் சிலருக்கு இடறலாகத் தோன்றலாம். 1880-இல் ஜெர்மனியில் பிரீட்ரிக் ஹார்ன் என்பவர் அட்டையில் அச்சிட்டு விற்கத் தொடங்கியது பீர்க் குவளைகளுக்காகவே. 1892-இல் டிரெஸ்டன் நகரத்து ராபர்ட் ஸ்புத் மரக்கூழிலிருந்து அதைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மதுச்சாலையில் பிறந்த பொருள் என்பது உண்மைதான். ஆனால் அட்டைக்குப் பாவமில்லை. அதன்மேல் வைக்கப்படுவது என்ன என்பதே கேள்வி. நாம் தேநீரை வைப்போம்.

உண்மையான இடறல் எண்ணிக்கையில் இருக்கிறது. உங்களுக்கு அறுபது வேண்டும். அச்சகத்தாரோ, "ஐந்நூறு அடித்தால் ஒன்று மிகவும் மலிவாக விழும்" என்கிறார். அவர் சொல்வது பொய்யன்று. ஆப்செட் முறையில் பல வண்ணங்களில் அச்சிட நான்கு தகடுகள் செய்யவேண்டும். இயந்திரத்தைச் சரிப்படுத்தும்போது தாள்கள் வீணாகும். வட்டமாக வெட்டவேண்டுமானால் அதற்கென்று தனி வெட்டச்சு செய்யவேண்டும். ஒன்று அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் இந்த ஆரம்பச் செலவு மாறாது. கணக்கு விளங்குவதற்காக மட்டும் ஓர் உதாரணம் சொல்கிறேன். இவை கடை விலைகள் அல்ல. ஆரம்பச் செலவு 1,500 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் 6 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 அடித்தால் மொத்தம் 4,500. ஒன்று 9 ரூபாய். 60 மட்டும் அடித்தால் மொத்தம் 1,860. ஒன்று 31 ரூபாய். ஒன்பதையும் முப்பத்தொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறவர் ஐந்நூறுக்குச் சம்மதித்துவிடுகிறார். அவர் பையிலிருந்து அதிகமாகப் போனது 2,640 ரூபாய். மீந்தது 440 அட்டைகள். அவற்றில் மணமக்களின் பெயரும் தேதியும் இருப்பதால் வேறு எதற்கும் உதவாது. கட்டிலுக்கு அடியில் கிடந்து பூஞ்சணம் பிடிக்கும்.

தகடு வேண்டாத டிஜிட்டல் அச்சில் இதே கோஸ்டர் ஒன்றுக்கு 25 ரூபாய் ஆகிறது என்று வைத்தால், 60-க்கு 1,500 மட்டுமே. இந்த உதாரணக் கணக்கின்படி ஏறக்குறைய 80 வரைக்கும் டிஜிட்டல் லாபம். அதற்குமேல் ஆப்செட் லாபம். உங்கள் கடைக்காரரிடம் ஆரம்பச் செலவு எவ்வளவு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டால், இந்த எல்லையை நீங்களே ஒரு காகிதத்தில் கண்டுபிடித்துவிடலாம். கோபுரம் கட்டப் புறப்படுமுன் செலவை எண்ணிப்பார்க்கும் மனிதனைக்குறித்து நம்முடைய ஆண்டவர் பேசியதை லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் வாசித்திருக்கிறோம். ஆனாலும் திருமணச் செலவு என்று வந்துவிட்டால் நம்மில் அநேகர் ஒன்றின் விலையைத்தான் பார்க்கிறோமே தவிர, மொத்தத்தைப் பார்ப்பதில்லை. வட்டிக்கு வாங்கிய பணத்தில் மீந்துபோன அட்டைக்கும் பங்கு உண்டென்பது பின்புதான் தெரிகிறது.

அடுத்தது, எதில் அச்சிடுவது? மெல்லிய ஆர்ட் அட்டையில் அச்சிட்டுக் கெட்டி அட்டையின்மேல் ஒட்டி, பிளாஸ்டிக் மேலுறை போட்டுத் தருவது எளிதில் கிடைப்பது. சதுரமாக வெட்டச் சொன்னால் வெட்டச்சுச் செலவு மிச்சம். இது ஒரு நாள் விருந்துக்குப் போதும். கொதிக்கிற தேநீர் பலமுறை பட்டால் மேலுறை விலகத் தொடங்கும். கடையில் தினமும் புழங்க வேண்டுமானால் எம்.டி.எஃப். எனப்படும் மரத்தூள் பலகை நல்லது. வெள்ளைப் பூச்சிட்ட அந்தப் பலகையின்மேல், சிறப்பு மையால் அச்சிட்ட தாளை வைத்து, ஏறக்குறைய 180 முதல் 200 பாகை செல்சியஸ் சூட்டில் அழுத்துவார்கள். மை ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்கிவிடும். இதற்குத் தகடு இல்லை, ஆகவே பத்து கூடச் செய்து தருவார்கள். ஆனால் பலகையின் ஓரங்களுக்குப் பூச்சு இல்லையென்றால் கொல்கத்தாவின் மழைக்காலத்தில் ஈரம் ஏறி உப்பிவிடும். மாதிரியை வாங்கி ஓர் இரவு முழுவதும் ஈரமான டம்ளரை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கடைக்காரரின் வாக்குறுதியைவிட அந்த ஓர் இரவு அதிகம் சொல்லும்.

என் விருப்பத்தைக் கேட்டால் சணல் என்பேன். 1855-இல் இந்தியாவின் முதல் சணல் ஆலை தொடங்கப்பட்டது கொல்கத்தாவுக்கு வடக்கே, இதே ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள ரிஷ்ராவில்தான். சணல் பொருள்களை ஊக்குவிக்கும் தேசிய சணல் வாரியத்தின் தலைமையிடமும் இந்நகரமே. கிடர்பூரிலிருந்து ஊருக்குப் போகும் ஒருவர் உறவினருக்குக் கொடுக்க, இந்த மண்ணின் பொருளைவிடப் பொருத்தமானது எது? சணல் துணியின்மேல் திரை அச்சு நன்றாகப் பிடிக்கும். முன்பு சொன்ன சூட்டு முறை அதில் செல்லாது. அந்த மை பாலியெஸ்டரில்தான் ஒட்டும். திரை அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு திரை செய்யவேண்டும். ஆகவே ஒரே வண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சணலின் இழை பருமனானது. நுண்ணிய எழுத்து அதில் சிதறும். நான்கைந்து சொற்கள், பெரிய எழுத்தில், அவ்வளவே.

இப்போது தமிழ் எழுத்தைப்பற்றிச் சொல்லவேண்டும். இங்குதான் பணமும் பெயரும் ஒன்றாகக் கெடுகின்றன. கிடர்பூரிலோ, சியால்தாவுக்கு அருகிலுள்ள பைத்தக்கானா காகிதச் சந்தையிலோ நீங்கள் சந்திக்கும் அச்சுத் தொழிலாளர் வங்காளமும் இந்தியும் உருதும் அறிந்தவர். தமிழ் எழுத்து அவருக்கு வெறும் கோலம். பிழை இருந்தால் அவர் கண்ணில் படாது. இதில் அவர்மேல் குற்றமில்லை. "பெந்தெகொஸ்தே" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெ, தெ, கொ, தே என்று நான்கு எழுத்துகளில் கொம்பு இடப்புறம் நிற்கிறது. தமிழை ஒழுங்காகக் கோக்கத் தெரியாத பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் அந்தக் கொம்புகள் எழுத்துக்குப் பின்னே போய் விழும். சபையின் பெயரே வாசிக்க முடியாமற்போகும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பினால், அந்த எழுத்துரு அவர்கள் கணினியில் இல்லாதபோது ஆங்கில எழுத்துகளின் குவியல் மட்டுமே தோன்றும்.

இதற்கு வழி எளிது. தமிழ் அறிந்த ஒருவரைக்கொண்டு வடிவமைத்து, எழுத்துகள் அனைத்தையும் கோட்டு வடிவமாக மாற்றி, பி.டி.எஃப். கோப்பாகக் கொடுங்கள். கோரல்டிராவில் இதைக் 'கர்வ்ஸ்' ஆக்குவது என்பார்கள். அதன்பின் எந்தக் கணினியிலும் எழுத்து மாறாது. ஓரங்களில் 3 மில்லிமீட்டர் கூடுதல் வண்ணம் விடுங்கள், வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாது. படம் இருந்தால், 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஏறத்தாழ 1,180 புள்ளிகளாவது வேண்டும். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்பவேண்டும். பின்பு அச்சிட்ட மாதிரி ஒன்றைக் கையில் வாங்கி, வீட்டில் இருவர் வாய்விட்டு வாசியுங்கள். வடிவமைத்தவரே வாசிப்பது போதாது. தான் எழுதியதில் பிழை ஒருவனுக்குத் தெரிவதில்லை.

அந்தக் கோப்பை உங்கள் வசமே இரண்டு இடங்களில் காத்துக்கொள்ளுங்கள். இதே ஆற்றங்கரையில், செராம்பூரில், 1800-இல் வில்லியம் கேரியும் உடன் ஊழியர்களும் நிறுவிய அச்சுக்கூடம் 1812 மார்ச் 11 அன்று தீக்கிரையானது. கையெழுத்துப் பிரதிகளும் காகிதக் குவியலும் சாம்பலாயின. தமிழ் உட்படப் பல மொழிகளின் ஈய எழுத்துகள் உருகிப்போயின. ஆனால் எழுத்து வார்ப்பதற்கான மூல அச்சுகள் இடிபாடுகளுக்குள் தப்பிக் கிடந்தன. அவற்றைக்கொண்டு உடனே மறுபடியும் எழுத்துகளை வார்க்கத் தொடங்கினார்கள். மூலம் கையில் இருந்தால் அடுத்த ஐம்பதை எந்தக் கடையிலும் அச்சிடலாம். கோப்பு கடைக்காரரிடம் மட்டும் இருந்தால், அவர் சொல்வதே விலை.

கடைக்காக அச்சிடுகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. வாடகை வீடும் வாடகைக் கடையும் மாறிக்கொண்டிருக்கும் வாழ்க்கை நம்முடையது. முழு முகவரியை அச்சிட்டால் இடம் மாறும் நாளில் அத்தனையும் வீண். கடையின் பெயர், செய்யும் தொழில், நெடுநாள் மாறாத ஒரு தொலைபேசி எண் போதும். பணம் செலுத்தும் கியூஆர் குறியைக் கோஸ்டரில் அச்சிடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். வங்கிக் கணக்கை மாற்றினால் பழைய அட்டை தவறான இடத்துக்கு வழிகாட்டும்.

நம் சபைகளில் எழும் கேள்வி ஒன்று மீதியிருக்கிறது: வேதவசனத்தைக் கோஸ்டரில் அச்சிடலாமா? வருகிற விருந்தினர் வாசிக்கட்டும், அதுவும் ஒரு விதை என்று சிலர் வாஞ்சையோடு சொல்கிறார்கள். அந்த வாஞ்சையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் இந்தப் பொருளின் வேலையை யோசித்துப் பாருங்கள். அதன்மேல் எச்சில் கோப்பை நிற்கும், தேநீர் சிந்தும்; நனைந்தபின் குப்பைத் தொட்டிக்குப் போகும். கிடர்பூரில் நம் அண்டை வீட்டார் பெரும்பாலும் இஸ்லாமியர். தங்கள் வேதத்தின்மேல் வேறொரு பொருளையும் வைக்கத் துணியாதவர்கள் அவர்கள். நம்முடைய வேதவாக்கியத்தின்மேல் நாமே கோப்பையை வைக்கக் கண்டால், நம் பக்தியைக்குறித்து என்ன நினைப்பார்கள்? வசனத்தைச் சுவரில் மாட்டும் அட்டையிலோ, வேதாகமத்துக்குள் வைக்கும் அடையாளச் சீட்டிலோ அச்சிடுங்கள். அதே தாளில் இரண்டையும் சேர்த்து அடிக்க முடியுமா என்று கேட்டால் செலவும் குறையக்கூடும். கோஸ்டரில் பெயர், தேதி, ஒரு நன்றி வார்த்தை இருந்தால் போதும். இதில் மாறுபட்ட மனச்சாட்சியுள்ளவர்கள் தங்கள் போதகரோடு பேசி முடிவு செய்யட்டும்.

எப்போது ஆர்டர் கொடுப்பது என்பதிலும் இந்நகரத்துக்கென்று ஒரு காலக்கணக்கு உண்டு. துர்கா பூஜைக்கு முந்திய வாரங்களில் அச்சகங்களுக்கு மூச்சுவிட நேரமிராது. பூஜை நாட்களில் கதவே திறக்காது. டிசம்பரில் நாட்காட்டி வேலை. ஏப்ரல் நடுவில் வங்காளப் புத்தாண்டுக்கு வணிகர்கள் புதுக்கணக்கு அழைப்பிதழ்களும் நாட்காட்டிகளும் அடிப்பார்கள். ஈகைப் பெருநாளையொட்டித் தொழிலாளர்கள் விடுப்பில் போவதும் உண்டு. கிறிஸ்துமஸ் வாரத் திருமணத்துக்கு நவம்பர் முடிவதற்குள் கோஸ்டர்கள் வீட்டுக்கு வந்துவிடுவது நல்லது. முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காதிருங்கள். முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள். அதில் எண்ணிக்கை, அளவு, பொருள், கொடுக்கும் தேதி நான்கும் எழுதியிருக்கவேண்டும்.

பெற்றுக்கொள்ளும் நாளில் கட்டைக் கடையிலேயே பிரித்து எண்ணுங்கள். மேலே இருப்பதை மட்டும் பார்க்காமல் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் ஒன்றிரண்டு எடுத்து, நீங்கள் ஒப்புக்கொண்ட மாதிரியோடு வைத்துப் பாருங்கள். ஈர விரலால் எழுத்தின்மேல் தேய்த்துப் பாருங்கள். சரியாயிருந்தால் மீதிப் பணத்தை அப்பொழுதே கொடுத்துவிடுங்கள். நாளைக்கு என்று தொழிலாளியை அலையவிடாதிருங்கள்.