குழு நேர ஓட்ட முடிவுகளைக் கணித்தல்

குழு நேர ஓட்டம் என்பது சாலை மிதிவண்டிப் போட்டி வகைகளுள் ஒன்றாகும். இதில் ஓர் அணியின் வீரர்கள் ஒன்றாகப் புறப்பட்டு, ஒருவர் பின் ஒருவராக ஓட்டிச் சென்று, குறிப்பிட்ட தொலைவை மிகக் குறைந்த நேரத்தில் கடக்க முயல்கின்றனர். அணிகள் சில நிமிட இடைவெளியில் தனித்தனியே புறப்படுவதால், இதன் முடிவை இயற்பியல் கணக்கீட்டின் மூலம் முன்னரே கூறிவிடலாம் என்று தோன்றும். முன்னணியில் வரக்கூடிய அணிகளை இவ்வாறு ஓரளவு சரியாகக் கணிக்க முடிகிறது. ஆனால் பல போட்டிகளில் வெற்றி பெறும் அணியைக் கணிக்க முடிவதில்லை. முதலிரு அணிகளின் நேர வேறுபாடு, கணக்கீட்டில் ஏற்படும் பிழையை விடச் சிறியதாக இருப்பதே இதற்குக் காரணமாகும்.

வரலாறும் விதிகளும்

ஒலிம்பிக் போட்டிகளில் 1960 முதல் 1992 வரை நால்வர் கொண்ட அணிகளுக்கு ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவுக் குழு நேர ஓட்டம் நடைபெற்றது. தொழில்முறை அணிகளுக்கான உலக வாகையர் போட்டி 2012 முதல் 2018 வரை நடத்தப்பட்டது. டூர் டி பிரான்சு போன்ற பல நாள் போட்டிகளிலும் சில ஆண்டுகளில் இது ஒரு கட்டமாக இடம்பெறுகிறது.

அணியின் நேரம் வழக்கமாக நான்காவது அல்லது ஐந்தாவதாக எல்லைக்கோட்டைக் கடக்கும் வீரரைக் கொண்டு கணக்கிடப்படும். எனவே அணியின் மிகச் சிறந்த வீரரை விட, அந்த நான்காவது அல்லது ஐந்தாவது வீரரின் திறனே கணிப்பில் முதன்மையானது.

காற்றுத் தடையும் சுழற்சி முறையும்

மணிக்கு 50 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில், சமதளத்தில் செல்லும் வீரரின் ஆற்றலில் பெரும்பகுதி காற்றுத் தடையை எதிர்ப்பதிலேயே செலவாகிறது. இதற்குத் தேவையான திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் உயரும். முன்னால் செல்பவரின் பின்னே ஒட்டிச் செல்பவருக்குத் தேவையான திறன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஆகவே வீரர்கள் சில நொடிகள் முதல் அரை நிமிடம் வரை முன்னால் நின்று ஓட்டிவிட்டு, வரிசையின் கடைசிக்குச் சென்று விடுகின்றனர்.

எடுத்துக்காட்டாக, ஒரு வேகத்தில் முன்னால் செல்பவருக்கு 550 வாட், பின்னால் வருபவருக்கு 360 வாட் தேவை எனக் கொண்டால், முன்னணிப் பொறுப்பைச் சமமாகப் பகிரும்போது ஒவ்வொருவரும் தர வேண்டிய சராசரித் திறன் பின்வருமாறு அமையும்:

8 வீரர்கள்: ஏறத்தாழ 384 வாட்
5 வீரர்கள்: 398 வாட்
4 வீரர்கள்: ஏறத்தாழ 408 வாட்

வீரர்கள் பின்தங்க, எஞ்சியவர்களின் சுமை கூடுவதை இதில் காணலாம்.

கணிப்புக்குப் பயன்படும் தரவுகள்

வீரர்களின் தனிநபர் நேர ஓட்ட முடிவுகள், அணியின் முந்தைய குழு நேர ஓட்டங்கள், பாதையின் ஏற்ற இறக்கமும் வளைவுகளும், காயமுற்ற வீரர்கள், புறப்படும் நேரத்துக் காற்று ஆகியன முதன்மையானவை.

வானிலையின் பங்கைச் சென்னைத் தரமணி வழியாகச் செல்லும் இராசீவ் காந்தி சாலையைக் கொண்டு விளக்கலாம். மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரி வரை இச்சாலை ஏறத்தாழ 20 கி.மீ. நீளமும் சமதளமும் கொண்டது. இத்தொலைவை மணிக்கு 57 கி.மீ. வேகத்தில் கடக்கும் அணி, 56 கி.மீ. வேகத்தில் கடக்கும் அணியை ஏறத்தாழ 23 நொடிகள் முந்தும். கடல் மட்டத்தில் 35 பாகை வெப்பநிலையில் உள்ள உலர்காற்று, 15 பாகையில் உள்ளதை விட ஏறத்தாழ 6 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. ஆகவே தடையும் குறையும். ஆனால் வெப்பம் வீரரின் உடல்திறனைக் குறைத்துவிடும். மேலும் இச்சாலை வடக்கு தெற்காகச் செல்வதால், கோடையில் நண்பகலை ஒட்டி வீசத் தொடங்கும் கடற்காற்று பக்கவாட்டில் தாக்கும். காலையில் புறப்படும் அணிக்கும் பிற்பகலில் புறப்படும் அணிக்கும் நிலைமை ஒன்றாக இராது.

கணிப்பின் எல்லை

திறன் வேகத்தின் மும்மடியாக மாறுவதால், திறனை மதிப்பிடுவதில் 1 விழுக்காடு பிழை நேர்ந்தால் நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு விழுக்காடு பிழை நேரும். 26 நிமிட ஓட்டத்தில் இது 5 நொடிகளாகும். பல திறன்மானிகளின் துல்லியமே 1 முதல் 2 விழுக்காடு அளவில்தான் உள்ளது. வெற்றி வேறுபாடுகளோ இதனினும் சிறியவை:

2005: டூர் டி பிரான்சில் சிஎசுசி அணியின் டேவிட் சப்ரிசுகி இறுதிப் பகுதியில் கீழே விழுந்தார். அவ்வணி டிசுகவரி சானல் அணியிடம் 2 நொடிகளில் பின்தங்கியது. தலைமை வீரருக்குரிய மஞ்சள் சட்டையையும் அவர் இழந்தார்.
2013: நீசு நகரில் 25 கி.மீ. ஓட்டத்தை மணிக்கு 57.8 கி.மீ. வேகத்தில் கடந்த ஓரிக்கா கிரீனெட்ச் அணி, ஒமேகா பார்மா அணியை 1 நொடியில் வென்றது. ஒமேகா அணியின் டோனி மார்ட்டின் முதல் கட்டத்தில் விழுந்து காயமுற்றிருந்தார். அதே ஆண்டு புளோரன்சில் நடந்த உலக வாகையர் போட்டியில் ஒமேகா அணி ஓரிக்கா அணியை ஒரு நொடிக்கும் குறைவான வேறுபாட்டில் வென்றது.
2015: ஏற்றத்தில் முடிந்த புளூமெலெக் ஓட்டத்தில் பிஎம்சி அணி, ஐந்தாம் வீரருக்காகக் காத்திருக்க நேர்ந்த இசுகை அணியை 1 நொடியில் வென்றது.

மாறாக, 2019 பிரசல்சு ஓட்டத்தில் யம்போ விசுமா அணி 20 நொடிகள் வேறுபாட்டில் வென்றது. இத்தகைய வேறுபாடு கணிப்புக்கு எட்டக்கூடியது. எனவே "இந்த அணி வெல்லும்" என்பதைவிட, "முதல் மூன்று இடங்களுக்குள் வர வாய்ப்பு அதிகம்" என நிகழ்தகவாகக் கூறுவதே பொருத்தமாகும்.

விதி மாற்றம்

2023 பாரிசு–நீசு போட்டியில் ஒவ்வொரு வீரருக்கும் அவரவர் நேரமே வழங்கப்பட்டது. முதலில் வந்த வீரரே அணியின் நேரத்தைத் தீர்மானித்தார். இம்முறையில் மற்றவர்கள் ஒருவரை இறுதிவரை காத்து முன்னே அனுப்பலாம் என்பதால், ஐந்தாம் வீரரை அடிப்படையாகக் கொண்ட கணிப்பு பொருந்தாது. ஆயினும் அங்கும் யம்போ விசுமா அணி 1 நொடி வேறுபாட்டிலேயே வென்றது.

இவற்றையும் பார்க்கவும்

தனிநபர் நேர ஓட்டம்
டூர் டி பிரான்சு
காற்றியக்கவியல்
நிகழ்தகவு