ரிங்க்: குதிரைக் களத்திலிருந்து பனித்தளம் வரை

ஸ்கேட்டிங் காலணி மாட்டிக்கொண்டு சறுக்கி ஓடும் தளத்தை 'ரிங்க்' என்கிறோம். இந்தச் சொல் பிறந்தபோது அதற்கும் பனிக்கட்டிக்கும் தொடர்பே இல்லை என்றால் நம்புவீர்களா, குட்டி நண்பர்களே?

இது ஸ்காட்லாந்து மக்களின் பேச்சில் வளர்ந்த சொல். வரிசை என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இது வந்திருக்க வேண்டும் என்பது அகராதி அறிஞர்களின் கருத்து. குதிரை வீரர்கள் ஈட்டியோடு மோதவும், பந்தயம் ஓடவும் எல்லை குறித்து ஒதுக்கிய இடம்தான் அந்நாளைய ரிங்க்.

ஸ்காட்லாந்தின் கடுங்குளிரில் ஏரிகள் உறைந்துபோகும். அந்தப் பனிப்பரப்பில், தேய்த்து வழவழப்பாக்கிய கனமான கல்லை இலக்கு நோக்கித் தள்ளி விளையாடுவார்கள். அதன் பெயர் கர்லிங். அதற்கும் எல்லை குறிக்க வேண்டுமே! அதனால் 18ஆம் நூற்றாண்டில் கர்லிங் ஆடும் இடமும் ரிங்க் ஆனது. அடுத்த நூற்றாண்டில் ஸ்கேட்டிங் தளத்துக்கும், சக்கரக் காலணியோடு ஓடும் தளத்துக்கும் அதே பெயர் நிலைத்தது.

ஏரி உறைந்தால்தான் ஆட்டம். வெயில் ஏறினால் பனி இளகிவிடும். இதற்கு ஒரு வழி கண்டவர் ஜான் காம்கீ என்ற கால்நடை மருத்துவர். தூர நாடுகளிலிருந்து இறைச்சியைக் கெடாமல் கொண்டுவர, அதை உறையவைக்கும் முறையை அவர் ஆராய்ந்துவந்தார். அந்த அறிவைக் கொண்டே 1876இல் லண்டனின் செல்சீ பகுதியில் செயற்கைப் பனித்தளம் ஒன்றைத் திறந்தார். தளத்துக்கு அடியில் செம்புக் குழாய்கள். அவற்றுக்குள் கிளிசரின் கலந்த குளிர்ந்த திரவம் ஓடியது. மேலே ஊற்றிய தண்ணீர் உறைந்து பனிக்கட்டியானது.

இன்றைய ரிங்குகளும் இப்படித்தான் இயங்குகின்றன. கான்கிரீட் தரைக்குள் பதித்த குழாய்களில் பெரும்பாலும் உப்புநீரை ஓடவிடுகிறார்கள். ஏன் உப்புநீர்? சாதாரணத் தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறைந்து குழாயை அடைத்துவிடும். உப்பு கரைந்த நீரில், நீர் மூலக்கூறுகள் ஒழுங்காகச் சேர்ந்து பனிப்படிகமாவது கடினம். அதனால் 0 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தாலும் அது உறையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே தெளிக்கும் தண்ணீரின் வெப்பத்தையும் இழுத்துக்கொள்ளும். மெல்லிய அடுக்குகளாகத் தண்ணீர் தெளித்துத் தெளித்து, சுமார் 2.5 சென்டிமீட்டர் தடிமனுக்குப் பனியை வளர்ப்பார்கள்.

காலணிகளின் கூர்மையான அலகுகள் பனியைக் கீறிவிடும். அதைச் சரிசெய்யும் வண்டியை அமெரிக்காவின் ஃபிராங்க் ஸாம்போனி 1949இல் உருவாக்கினார். அது மேற்பரப்பைச் சீவி, கழுவி, புதிதாகத் தண்ணீர் பரப்பிச் செல்லும். இதற்குப் பெரும்பாலும் வெந்நீரைத்தான் ஊற்றுகிறார்கள்! வெந்நீர் பழைய பனியைச் சற்றே உருக்கி, அதோடு நன்றாக ஒட்டி உறைகிறது. அதில் கரைந்திருக்கும் காற்றும் குறைவு. ஆகவே பனி கெட்டியாக அமைகிறது.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். ஒரு கிண்ணத்தில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் கரையுமட்டும் உப்பு கரைத்த தண்ணீர். பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, இரண்டையும் ஃப்ரீஸரில் வையுங்கள். மணிக்கொரு முறை திறந்து, எது முதலில் உறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.