ஞாயிறு காலை 7 மணிக்குத் திறக்கும் சாலை

கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில் ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குப் பெருஞ்சாலைகளில் தடுப்புகள் வைக்கப்படுகின்றன. அதன்பின் பிற்பகல் 2 மணி வரை அங்கே மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. 120 கிலோமீட்டருக்கும் மேலான சாலை சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் வந்து சேர்கிறது. ஓரத்தில் பஞ்சர் ஒட்டுபவரும் பழச்சாறு விற்பவரும் கடை விரித்திருப்பார்கள். பூங்காக்களில் பாட்டுப் போட்டு இலவசமாக உடற்பயிற்சி சொல்லித் தருவார்கள். ‘சிக்லோவியா’ என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாடு பொது விடுமுறை நாட்களிலும் உண்டு. திரளும் கூட்டம் பத்து லட்சத்தைத் தாண்டும்.

இதன் அருமை தெரிய, அந்த ஊர் மக்கள் எப்படிப் பிரிந்து வாழ்கிறார்கள் என்பது தெரிய வேண்டும். கொலம்பிய நகரங்களில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் அரசே 1 முதல் 6 வரை ஓர் எண் கொடுத்திருக்கிறது. ‘எஸ்ட்ராட்டோ’ என்பார்கள். 1 என்றால் மிக வறிய பகுதி, 6 என்றால் செல்வந்தர் பகுதி. ஏழைகளுக்குத் தண்ணீர், மின் கட்டணத்தில் சலுகை தருவதற்காக வந்த எண் இது. நாளடைவில் ஆளையே அளக்கும் கோலாகிவிட்டது. வசதி படைத்தவர்கள் பெரும்பாலும் வடக்கில், இல்லாதவர்கள் தெற்கில். வாரம் முழுக்க ஒருவரை ஒருவர் பார்க்காத இந்த இரு சாராரும் ஞாயிறு காலையில் ஒரே சாலையில் பக்கம் பக்கமாக சைக்கிள் மிதிக்கிறார்கள். சிக்லோவியாவின் பயன் என்று உடல்நலத்தைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

தொடக்கம் ஒரு போராட்டம். 1974 டிசம்பரில் சைக்கிள் ஆர்வலர்கள் சிலர், நகரைக் கார்கள் விழுங்குவதை எதிர்த்து, அனுமதி பெற்று முக்கியச் சாலைகளைச் சில மணி நேரம் மூடினார்கள். ஆயிரக்கணக்கானோர் சைக்கிளோடு வந்துவிட்டார்கள். 1976-ல் நகராட்சி அதை முறைப்படி ஏற்றது. பிறகு சுணங்கிக் கிடந்ததை 1990-களில் பூங்காத் துறையே கையில் எடுத்து விரிவாக்கியது. சாலையையும் பூங்காவாகக் கருதிய முடிவு அது.

1998-ல் மேயரான என்ரிக்கே பெனலோசா அதே எண்ணத்தைக் கான்கிரீட்டில் கொண்டுவந்தார். உயர்மட்ட விரைவுச் சாலைகள் கட்டும் திட்டம் அவர் மேசையில் இருந்தது. அதை ஒதுக்கிவிட்டுப் பூங்காக்கள், நூலகங்கள், சைக்கிள் பாதைகள், பேருந்துத் தடங்கள் ஆகியவற்றில் செலவிட்டார். நடைபாதைகளில் நின்ற கார்களை அகற்றியபோது கடைக்காரர்கள் கொதித்தார்கள். தென்மேற்கின் ஏழைக் குடியிருப்புகளில் பக்கத்துத் தெருக்கள் மண் சாலையாக இருந்தபோதே, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ‘எல் போர்வெனிர்’ என்ற அகலமான பாதை முதலில் போடப்பட்டது. கார் இல்லாதவர்களே அங்கே பெரும்பான்மை. அவர்களுக்கு முதலில் வேண்டியதை முதலில் செய்ததால் அந்த வரிசை சரி.

2000 டிசம்பரில் ‘டிரான்ஸ்மிலேனியோ’ பேருந்துகள் ஓடத் தொடங்கின. தனித் தடம், உயர்ந்த மேடை, ஏறுவதற்கு முன்பே டிக்கெட் என்று ரயில் நிலையம் போலவே ஏற்பாடு. நெரிசலில் நின்ற கார்களைத் தாண்டிப் பேருந்து போனது. ஆனால் கூட்டம் பெருகிய வேகத்துக்குத் தடங்கள் பெருகவில்லை. இன்று அதில் மூச்சு முட்டும் நெரிசல், பெண்களுக்குத் தொல்லை, பிக்பாக்கெட் எல்லாம் உண்டு. இருப்பதைப் பராமரிக்காமலும் வளர்க்காமலும் விட்டால், நல்ல பேருந்து முறையின் மீதும் மக்களுக்கு வெறுப்பு வந்துவிடும்.

2018 டிசம்பரில் தெற்கு மலைச்சரிவில் உள்ள சியுதாத் பொலிவாருக்குக் கம்பிவட ஊர்தி வந்தது. நீளம் 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். செங்குத்தான சந்துகளில் பேருந்து ஊர்ந்து இறங்கிய நெடும்பயணம் கால் மணி நேரமாகச் சுருங்கியது. அதோடு நிறுத்தவில்லை. நிலையங்களையொட்டிப் பூங்கா, நூலகம், அந்த மக்கள் தம் வீடுகளைத் தாமே கட்டிய கதையைச் சொல்லும் அருங்காட்சியகம் ஆகியவையும் எழுந்தன. அந்த நிலையங்களில் ஒன்றான மனித்தாஸ் அருகே 2020-ல் வீட்டுப் பராமரிப்பு வேலையில் மூழ்கிய பெண்களுக்கென ஒரு மையம் திறந்தார்கள். துணியைப் பொதுச் சலவை இயந்திரத்தில் போட்டுவிட்டு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, விட்டுப்போன பள்ளிப் படிப்பைத் தொடரலாம். இத்தகைய மையங்களில் சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்.