தொலைந்ததா, திருடு போனதா?

பேருந்து நிலைய நெரிசலில் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு ஒருவன் ஓடிவிடுகிறான். பறிகொடுத்தவர் பக்கத்திலிருக்கும் காவல் நிலையத்துக்குப் போகிறார். "எஸ்.ஐ. ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்காரு, உக்காருங்க" என்கிறார் பாராவில் நிற்கும் காவலர். நெடுநேரம் கழித்து ரைட்டர் மேசைக்கு அழைப்பு வருகிறது. மனுவை மேலும் கீழும் படித்த ரைட்டர் தணிந்த குரலில் சொல்கிறார்: "பறிச்சுட்டு ஓடினான்னு எழுதாதீங்க சார். வழியில எங்கேயோ தவறி விழுந்துடுச்சுன்னு எழுதிக் கொடுங்க. ரசீது இப்பவே போட்டுத் தர்றேன். அதைக் காட்டி இதே நம்பர்ல சிம் வாங்கிக்கலாம்."

தமிழ்நாட்டில் கைப்பேசியையோ வண்டியையோ பறிகொடுத்த பலர் கேட்ட பேச்சுதான் இது. பெரும்பாலானவர்கள் அப்படியே மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். வேலை முடிந்தது, அலைச்சல் இல்லை, ரைட்டரும் மரியாதையாகத்தான் பேசினார் என்று ஒரு நிம்மதி.

ரைட்டர் கெட்ட எண்ணத்தில் அப்படிச் சொல்வதில்லை. திருட்டு என்று முதல் தகவல் அறிக்கை போட்டால் அது ஒரு வழக்கு. குற்ற ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரி, "உங்க லிமிட்ல இத்தனை கேஸ் ஏறியிருக்கே, எத்தனை கண்டுபிடிச்சீங்க?" என்று இன்ஸ்பெக்டரை நிற்க வைத்துக் கேட்பார். தொலைந்தது என்று எழுதினால் குற்றமே நடக்கவில்லை. சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீதோடு கதை முடிந்தது. ஒரு நிலையத்தின் திறமையை வழக்குகளின் எண்ணிக்கையை வைத்து அளக்கும்வரை, வழக்கைக் குறைக்கச் சுலபமான வழி அதை எழுதாமல் விடுவதுதான்.

சட்டம் இதற்கு இடம் தரவில்லை. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, "இது எங்க எல்லை இல்லை" என்று எந்த நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது; புகாரைப் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு. அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்குக் காசு வாங்காமல் தர வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்ட, 60 வயதைக் கடந்த ஆண்களையும் சாட்சி விசாரணைக்கு நிலையத்துக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும்.

இவ்வளவும் ஏட்டில் இருக்க, போலீஸ், கோர்ட்டு, ஆஸ்பத்திரி மூன்று வாசலையும் மிதிக்காமல் இருந்தாலே புண்ணியம் என்று வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பயத்துக்கு வயது அதிகம்.

1854-இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்க ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அப்போது வரி வசூலும் காவலும் தாசில்தார் ஒருவர் கையிலேயே இருந்தன. ஆணையத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. வெகுதொலைவிலிருந்து நடந்தே சென்னைக்கு வந்து முறையிட்டவர்களும் உண்டு. கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நசுக்கும் கிட்டி, ஆளைக் குனியவைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது என்று வாதைகளின் பெயர்களோடு 1855-இல் அறிக்கை வெளியானது. அதன் பிறகுதான் 1859-இல் மாகாணத்துக்குத் தனிக் காவல் துறைச் சட்டம் வந்தது. காவலரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்ற விதியும் அந்தக் காலகட்டத்தில் பிறந்து, 1872-இன் சாட்சியச் சட்டத்தில் நிலைபெற்று, இப்போதைய சட்டத்திலும் தொடர்கிறது.

ஆனால் அந்த விதியில் ஒரு விலக்கு வைத்தார்கள். காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு அவர் சொன்னது செல்லும். ஸ்டேஷன் பேச்சில் இதுதான் 'ரெக்கவரி'. நகை காணவில்லை என்ற புகார்களில் விசாரணை எல்லை மீறுவதற்கு இந்த விலக்கும் ஒரு காரணம் என்றே சொல்ல வேண்டும். கொலை வழக்கில் கைரேகை, கத்தி, சாட்சி என்று தேட எவ்வளவோ இருக்கும். நகை வழக்கில் சந்தேகப்பட்டவரின் வாயிலிருந்து ஓர் இடத்தின் பெயர் வந்துவிட்டால் போதும்.

1993-இல் அன்றைய தென்னார்க்காட்டில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ராஜாக்கண்ணு மீது இருந்ததும் நகைத் திருட்டுச் சந்தேகம்தான். அவர் தப்பி ஓடிவிட்டதாக நிலையம் சொன்னது. அவர் மனைவி பார்வதி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட, வழக்கறிஞர் சந்துரு வாதாட, அவர் காவலில் இறந்த உண்மை வெளியே வந்தது. இந்த வழக்கை வைத்து எடுத்த 'ஜெய் பீம்' படத்தில் இருளர் குடும்பமாகக் காட்டப்பட்டிருந்தாலும், ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர். ஆங்கிலேயர் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ஊரோடு சேர்த்துப் பட்டியலிடப்பட்ட சமூகங்களில் அதுவும் ஒன்று. 1920-இல் மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் மக்கள் கைரேகை வைக்க மறுத்தபோது துப்பாக்கிச் சூடு நடந்ததும் அதே சட்டத்தால்தான். சுதந்திரத்தை ஒட்டி அந்தச் சட்டம் ஒழிக்கப்பட்டது. திருட்டு என்றவுடன் யார் வீட்டுக் கதவு முதலில் தட்டப்படுகிறது என்பது அதோடு மாறிவிடவில்லை.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலின் காவலாளி ஒருவர், காரில் இருந்த நகை காணவில்லை என்ற புகாரில் தனிப்படையினரால் விசாரிக்கப்பட்டு இறந்துபோனார். அவரை அடித்ததை யாரோ மறைவிலிருந்து கைப்பேசியில் படம் பிடித்திருந்தார்கள். நகைப் புகாருக்கு வழக்கே பதியாமல் விசாரணை எப்படி நடந்தது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேள்வி எழுப்பியது. எழுதப்படாத அறிக்கையால் கைப்பேசியைப் பறிகொடுத்தவர் இழப்பது நியாயத்தை. சந்தேகத்தின் பேரில் இழுத்துப்போகப்பட்டவருக்கோ, வழக்கும் கைதும் தாளில் ஏறாதவரை, அவர் காவலில் இருக்கிறார் என்பதற்கே அத்தாட்சி இல்லை. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற அரசியல் சாசன உத்தரவாதம் எந்த நிமிடத்திலிருந்து தொடங்குகிறது என்று யார் சொல்வது?

இதில் பொதுமக்களின் பங்கும் இருக்கிறது. தன் வீட்டு நகை போனால், "நாலு தட்டு தட்டுங்க சார், தானா கக்குவான்" என்று சொல்பவர்கள், அதே ஸ்டேஷன் வாசலைப் பார்த்தால் நடுங்குகிறவர்கள்தான். பிடிபட்டவர் கழிப்பறையில் வழுக்கி விழுந்து கை உடைந்ததாகச் செய்தி வரும். மாவுக்கட்டுப் போட்ட படம் வாட்ஸ்அப்பில் பறக்கும், கீழே கைதட்டல் குவியும். அந்தக் கைதட்டல் ஆபத்தானது. அடிக்கலாம் என்று ஊரே அனுமதி கொடுத்த பிறகு, யாரை அடிப்பது என்பதை அடிக்கிறவர்தான் முடிவு செய்வார்.

காக்கிச் சட்டைக்குள் இருப்பவரின் நிலையையும் பார்க்க வேண்டும். திருவிழா, தேர்தல், அமைச்சர் வருகை என்று பந்தோபஸ்துக்கு நாள் முழுக்கச் சாலையில் நிற்பது அவர்கள் வேலை. பெண் காவலர்களைச் சாலையோரப் பாதுகாப்பில் நிறுத்த வேண்டாம் என்று 2021-இல்தான் உத்தரவு வந்தது. காவலர்களுக்கு வார விடுமுறை என்ற அரசாணையும் அதே ஆண்டில்தான். அதிகாரிகள் வீட்டு வேலைக்குக் காவலர்களைப் பயன்படுத்தும் ஆர்டர்லி முறையை ஒழிக்கச் சொல்லி 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிக்க வேண்டியிருந்தது. மேலே இருப்பவரிடம் வாய் திறக்க முடியாத ஒருவர் முன்னால், அவரைவிடக் கீழே இருப்பவர் மனுவோடு வந்து நிற்கிறார்.

அப்படியும் வாய் திறந்தவர் உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் வியாபாரி ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, தாக்குதல் நடந்த இரவில் பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி, கண்டதை விசாரணைக்கு வந்த மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். சக ஊழியர்கள் வெளியே நின்றிருந்த அதே நிலையத்துக்குள், பயத்தோடுதான் சொன்னார். சிசிடிவி பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததையும் அந்த மாஜிஸ்திரேட் கண்டறிந்து உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார்.

அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் வாசல், லாக்கப், வராந்தா, வரவேற்பறை என எந்த மூலையும் விடுபடாமல் கேமரா வைக்க வேண்டும், பதிவைக் குறைந்தது ஓராண்டாவது காக்க வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இங்கே கேமரா இருக்கிறது, மனித உரிமை மீறல் நடந்தால் மனித உரிமை ஆணையத்திடமோ காவல் கண்காணிப்பாளரிடமோ புகார் தரலாம் என்ற அறிவிப்பு மக்கள் மொழியில் பெரிய எழுத்தில் நிலையத்தில் இருக்க வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் அடக்கம். மனு கொடுக்கப் போகிறவர் ரைட்டர் அழைக்கும்வரை காத்திருக்கும் நேரத்தில், சுவரில் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். இல்லையென்றால், அது எங்கே என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.