எத்தனை ஜி.பி. என்று கேட்காதீர்கள்!

கம்ப்யூட்டர் கடையில் நம்மைக் கவிழ்க்க ஒரே ஒரு வார்த்தை போதும்: ஜி.பி.! ராம் எவ்வளவு? 16 ஜி.பி. கார்டு? 4 ஜி.பி. டிஸ்க்? 512 ஜி.பி. எண் பெரிதாக இருந்தால் சரக்கும் பெரிது என்று நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். முப்பது ரூபாய்த் தேங்காயைக்கூடக் காதருகே வைத்துத் தட்டிப் பார்க்கிற ஜாதி நாம். அறுபதாயிரம் ரூபாய்ப் பெட்டியை மட்டும் தட்டுவதே இல்லை.

என் அலுவலக நண்பர் ஒருவர். பகலில் அக்கவுன்ட்ஸ், ராத்திரியில் கல்யாண வீடியோ எடிட்டிங். இரவல் கம்ப்யூட்டரில் எத்தனை நாள் ஓட்டுவது? இரண்டு வருஷ ஓவர்டைம் காசு 60,000 ரூபாயைச் சேர்த்துக்கொண்டு, 2024-ல் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனார். தங்கை கல்யாணத்துக்குள் எடிட்டிங்கில் நாலு காசு பார்த்துவிட வேண்டும் என்பது திட்டம். ஒரு கடையில் கொடுத்த கொட்டேஷனைப் பெருமையாக என்னிடம் நீட்டினார்.

'ஐ7 ப்ராஸஸர், 16 ஜி.பி. ராம், 4 ஜி.பி. கிராஃபிக்ஸ் கார்டு, 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 500 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ்.'

"எல்லாமே ஹை எண்ட் ஸார்! இன்னிக்கே அட்வான்ஸ் கொடுத்தா கீபோர்டு ஃப்ரீயாம்!"

அந்தக் காகிதத்தில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஒரு வரிகூட முழு உண்மையும் இல்லை. "ஒவ்வொரு பொருளுக்கும் முழு மாடல் நம்பர் கேட்டு எழுதி வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினேன். வாங்கி வந்தார். வரிவரியாகப் பார்க்கலாம்.

எந்த வருஷத்து ஐ7?

ஐ7 என்பது பரம்பரைப் பட்டம் மாதிரி. பட்டம் முக்கியமில்லை, பட்டத்துக்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம். கடைக்காரர் எழுதியது ஐ7-6700. முதல் இலக்கம் 6, அதாவது ஆறாம் தலைமுறை. 2015-ல் வந்த சரக்கு. நாலு கோர், எட்டு த்ரெட். 2022-ல் வந்த ஐ3-12100-க்கும் அதே நாலு கோர், எட்டு த்ரெட்தான். ஆனால் ஓட்டப் பந்தயம் வைத்தால் இந்தத் தம்பி ஐ3 அந்த அண்ணன் ஐ7-ஐ அநாயாசமாகத் தாண்டிவிடும்.

இன்னொரு சங்கதி. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமாக அனுமதிப்பது, இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துபோயிற்று. அந்த ஐ7 வாங்கியிருந்தால் ஒரு வருஷத்துக்குள் நடுத்தெரு.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் படியுங்கள். இன்டெல்லில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. விலை கொஞ்சம் குறைவு என்று பலர் 'எஃப்' வாங்குவார்கள். வீடியோ எடிட்டிங்குக்கு அது வேண்டாம். இன்டெல் ப்ராஸஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸில் 'க்விக் ஸிங்க்' என்று ஒரு பகுதி உண்டு. புதுக் கேமராக்கள் எழுதும் கனமான வீடியோ ஃபைல்களைப் பிரித்துக் கொடுப்பதில் அது கெட்டிக்காரன்.

கார்டு: தொட்டியும் குழாயும்

4 ஜி.பி. கார்டு என்றாரே, அது ஜி.டி. 730. 2014-ல் வந்தது. டி.டி.ஆர்.3 மெமரி. மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டியைக் கட்டிவிட்டுக் கீழே இளநீர் ஸ்ட்ராவைக் குழாயாக மாட்டினால் என்ன ஆகும்? அதேதான். ஜி.பி. என்பது தொட்டி. ஒரு நொடியில் எவ்வளவு டேட்டா பாய்கிறது என்பது குழாய்.

பெயரை மட்டும் நம்பினாலும் ஆபத்து உண்டு. ஜி.டி. 1030 என்ற கார்டு 2017-ல் ஜி.டி.டி.ஆர்.5 மெமரியோடு வந்தது. நொடிக்கு 48 ஜி.பி. பாயும். மறு வருஷம் அதே பெயரில் டி.டி.ஆர்.4 மெமரியோடு இன்னொன்று. பாய்ச்சல் 16.8 ஜி.பி.! இரண்டிலும் மெமரி 2 ஜி.பி.தான். 2016-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1060-லும் இப்படித்தான். 6 ஜி.பி. கார்டில் 1,280 கோர், 3 ஜி.பி. கார்டில் 1,152. மெமரி மட்டும்தான் குறைவு என்று நினைத்து வாங்கியவர்களுக்குக் கோரும் குறைந்தது. எனவே கடையில் கேட்க வேண்டியது மூன்று: முழு மாடல் பெயர், மெமரி எந்த வகை, எத்தனை பிட் பாதை.

வெறும் எக்ஸெல், ஈமெயில், சினிமா பார்க்கிற ஆசாமியா நீங்கள்? அப்படியானால் கேட்க வேண்டியது ஒன்றுமே இல்லை. கார்டே வேண்டாம்.

ராம்: ஒற்றைக் கவுன்ட்டரா, இரட்டையா?

16 ஜி.பி. என்று எழுதியது ஒரே ஸ்டிக். ரேஷன் கடையில் மூட்டை மூட்டையாக அரிசி இருந்தும் கவுன்ட்டர் ஒன்றுதான் என்றால் க்யூ நகருமா? டி.டி.ஆர்.4-ல் 3200 வேக ஸ்டிக் ஒன்று நொடிக்கு 25.6 ஜி.பி. கொடுக்கும். இரண்டாகப் போட்டால் 51.2. தனிக் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், காரணம், உள்ளிருக்கும் கிராஃபிக்ஸும் அதே ராமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது. நாலு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ஸ்டிக்கை எந்தெந்த ஸ்லாட்டில் போடுவது என்று போர்டின் கையேட்டில் இருக்கும். அடுத்தடுத்துச் செருகிவிட்டால் பல போர்டுகளில் மறுபடி ஒற்றைக் கவுன்ட்டர்தான்.

3200 என்று காசு கொடுத்து வாங்கினாலும் பயாஸில் எக்ஸ்.எம்.பி.யை ஆன் செய்யாவிட்டால் அது குறைந்த வேகத்திலேயே ஓடலாம். டி.டி.ஆர்.4 போர்டில் டி.டி.ஆர்.5 ஸ்டிக் நுழையாது, வெட்டு வேறு இடத்தில். அழுத்திப் பார்க்காதீர்கள்!

எஸ்.எஸ்.டி.யிலும் ஜி.பி. மயக்கம்தான். ஸாட்டா வகை நொடிக்கு ஏறக்குறைய 550 எம்.பி.யோடு நின்றுவிடும். என்.வி.எம்.இ. மூன்றாம் தலைமுறையில் நல்லவை 3,500 வரை படிக்கும். இரண்டும் ஒரே சூயிங்கம் வடிவத்தில் கிடைக்கும். லேபிளைப் படித்தால்தான் எது எது என்று தெரியும்.

யாரும் கேட்காத எஸ்.எம்.பி.எஸ்.

கொட்டேஷனில் எனக்குப் பகீர் என்றது இந்த வரிதான். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ். மேலே '500 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்து. பக்கவாட்டு லேபிளில் பொடி எழுத்தில் 12 வோல்ட், 18 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள்: 216 வாட். ப்ராஸஸரும் கார்டும் குடிப்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட் லைனைத்தான். கார்டு கொஞ்சம் பெரிதாக இருந்தால் மூச்சு வாங்கும். மட்டமான எஸ்.எம்.பி.எஸ். போகும்போது தனியாகப் போகாது; போர்டு, டிஸ்க் என்று துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகக்கூடும். டிஸ்க்கில் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம் இருக்கிறது ஸார்! தாலி கட்டுவதற்கு ரீடேக் உண்டா?

'80 ப்ளஸ்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 500 வாட்டில் 80 சதவீதம் என்றால் 400 வாட்தானே கிடைக்கும் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். தப்பு. உள்ளே கொடுப்பது 500 வாட்தான்; சுவரிலிருந்து இழுப்பது 625. மிச்சம் உஷ்ணமாகப் போகிறது.

கடைசியில் என்ன வாங்கினோம்?

கொட்டேஷனைத் தலைகீழாக மாற்றினோம். முதலில் தரமான 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். அப்புறம் 2022-ல் வந்த ஐ5-12400, 'எஃப்' இல்லாதது. நாலு ஸ்லாட் போர்டு. 16 ஜி.பி. ஸ்டிக் இரண்டு. என்.வி.எம்.இ. டிஸ்க். பேக்கப்புக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். மானிட்டர் ஏற்கெனவே இருந்தது. கிராஃபிக்ஸ் கார்டு? வாங்கவே இல்லை.

நண்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. "கார்டு இல்லாம கம்ப்யூட்டரா ஸார்? ஃபிரெண்ட்ஸ் சிரிப்பாங்க!"

"சிரிக்கட்டும். ஸ்லாட் காலியா இருக்கு, எங்கேயும் ஓடிடாது. முதல்ல பெட்டி சம்பாதிக்கட்டும். அது சம்பாதிச்சு அதுவே கார்டு வாங்கிக்கும்."

வாங்கிக்கொண்டது. ஏழெட்டுக் கல்யாணம் முடித்த பிறகு, எடிட்டிங் வருமானத்திலேயே ஆர்.டி.எக்ஸ். 3060, 12 ஜி.பி. 170 வாட் குடிக்கிற கார்டு. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றத் தேவையே வரவில்லை. 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, ராம் விலை தாறுமாறாக ஏறியது. நண்பர் தம் 32 ஜி.பி.யைத் தங்கக் காசு மாதிரி பார்த்துக்கொண்டார். தங்கை கல்யாண வீடியோவையும் அந்தப் பெட்டியில்தான் எடிட் செய்தார்.

பணம் கொடுக்கும் முன்

"பில் போட்டா 18 பர்சென்ட் ஜி.எஸ்.டி. ஸார், பில் இல்லாம முடிச்சுக்கலாமே?" என்று காதோரம் கிசுகிசுப்பார்கள். மசியாதீர்கள். மூன்று வருஷ வாரன்டிக்கு சர்வீஸ் சென்டரில் சாட்சி அந்தக் காகிதம்தான். ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரும் பில்லில் ஏறட்டும்.

பழைய கார்டு மலிவாகக் கிடைத்தால் யோசியுங்கள். 2022 செப்டம்பரில் எதேரியம் நாணயத்துக்கு கார்டு வைத்துத் தோண்டும் வேலை நின்றதும், இரவு பகலாக உழைத்த கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. முகம் கழுவிப் பவுடர் போட்டால் வயது தெரியாது.

கார்டு போட்ட பிறகு மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகுங்கள், போர்டில் அல்ல. சிரிக்காதீர்கள், காசு கொட்டி வாங்கிய கார்டு சும்மா தூங்குவதை நானே இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன். சுவர் ப்ளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். ஒரு யு.பி.எஸ். வையுங்கள்.

கடைசியில் "கலர் கலரா லைட் எரியற கேபினெட் ஸார், ஆயிரம்தான் கூட" என்பார்கள். லைட் எரிவதால் கம்ப்யூட்டர் துளிக்கூட வேகமாக ஓடாது. ஆயுத பூஜைக்குத் தனியாக சீரியல் செட் வாங்க வேண்டாம். அந்த மட்டுக்கு லாபம்!